விற்பதா, வைத்திருப்பதா? அல்மாரியில் கிடக்கும் விலைகூடிய மணிக்கூட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை எத்தனையோ வீடுகளில், அல்மாரி லாச்சிக்குள் விலைகூடிய மணிக்கூடு ஒன்று பெட்டியோடு கிடக்கிறது. கட்டாரிலிருந்து திரும்பும்போது வாங்கியது, சவூதி முதலாளி பரிசாகக் கொடுத்தது, சுவிஸ் சித்தப்பா கலியாணத்துக்கு அனுப்பியது, அப்பாவோ வாப்பாவோ விட்டுப்போனது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் வந்து சேர்ந்திருக்கும். பெருநாளுக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஒருமுறை கட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள்தான். பிறகு வீடு கட்டும் வேலை பாதியில் நிற்கும்போதோ, பிள்ளையின் படிப்புக்குக் காசு தேவைப்படும்போதோ திடீரென்று அதை எடுத்து, முதலில் கேட்டவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நட்டம் வருவது அந்த அவசரத்தால்தான்.

தீர்மானிப்பதற்கு இரண்டு தொகைகள் தெரிந்தால் போதும். விற்றால் உண்மையில் கைக்கு வரும் காசு எவ்வளவு? விற்காமல் வைத்திருக்க வருடத்துக்கு எவ்வளவு போகிறது? இந்த இரண்டையும் கண்டுபிடிக்கும் வழியும், அதற்குப் பிறகு ஏமாறாமல் விற்கும் முறையும், விற்காவிட்டால் எங்கள் கடற்கரைக் காற்றில் பழுதாகாமல் வைத்திருக்கும் முறையும் கீழே உள்ளன.

ஏன் கட்டுவதில்லை?

இதை முதலில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில மணிக்கூடுகள் விற்க வேண்டியவை அல்ல, திருத்த வேண்டியவை. செயின் பொருந்தாதது மிகச் சாதாரணமான காரணம். காலையில் சரியாக இருக்கும் செயின், பிற்பகல் வெக்கையில் கை சற்று வீங்கியதும் இறுகும். கொளுக்கியின் உள்பக்கத்தில் சிறு துளைகள் இருந்தால், பின்னை ஒரு துளை நகர்த்தினாலே இது தீரும். துளை இல்லாவிட்டால் ஒரு கண்ணியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். செயினுக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் சுண்டுவிரல் நுழைந்தால் அளவு சரி. தோல் பட்டி வியர்வையில் நாறுவது காரணம் என்றால் ரப்பர் பட்டி போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நின்றுபோயிருக்கிறது என்பது காரணமென்றால், அது பழுது அல்ல. பெரும்பாலான தானியங்கி மணிக்கூடுகள் (கை அசைவிலேயே முறுக்கேறுபவை) கையில் இல்லாமல் 40 முதல் 70 மணித்தியாலம் வரைதான் ஓடும்.

சில காரணங்களைத் திருத்த முடியாது. தங்க மணிக்கூடு ஒரு முஸ்லிம் ஆணுக்குப் பரிசாக வந்தால், ஆண்கள் தங்கம் அணியக்கூடாது என்பதால் அவர் அதை ஒருநாளும் கட்டப்போவதில்லை. அந்தத் தங்கத்துக்கு ஸகாத் கணக்கும் வரக்கூடும். அதை உங்கள் மௌலவியிடம் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். இப்படி வந்தவற்றை வருடக்கணக்கில் பெட்டியில் வைத்திருப்பதில் பயனில்லை.

மற்றவர்கள் செயினைச் சரிசெய்துவிட்டு 30 நாட்கள் தொடர்ந்து கட்டுங்கள். கடைக்கும் வேலைக்கும் கட்டிப்போங்கள். மாதமுடிவில் கை தானாக அதைத் தேடுகிறதா, கழற்றி வைத்ததும் ஆறுதலாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கையில் இருப்பது என்னவென்று அறியுங்கள்

பிராண்ட் பெயர் மட்டும் போதாது. மொடல் இலக்கம், தொடர் இலக்கம், உலோகம், உள்ளே ஓடும் இயந்திரம், வாங்கிய வருடம் ஆகிய ஐந்தும் வேண்டும். பெரும்பாலானவற்றில் பின்மூடியில் இலக்கங்கள் இருக்கும். ரோலெக்ஸில் அப்படியில்லை. பழையவற்றில் செயினைக் கழற்றினால், 12 மணிப் பக்கக் கொம்புகளுக்கு (செயினைப் பிடித்திருக்கும் நீட்டங்களுக்கு) இடையில் மொடல் இலக்கமும், 6 மணிப் பக்கத்தில் தொடர் இலக்கமும் தெரியும். புதியவற்றில் தொடர் இலக்கம் கண்ணாடிக்குள் டயலைச் சுற்றியுள்ள வளையத்தில் 6 மணிக்கு நேரே பொறிக்கப்பட்டிருக்கும். 2010 அளவில் ரோலெக்ஸ் தொடர் இலக்கங்களை ஒழுங்கற்ற வரிசைக்கு மாற்றியதால், அதற்குப் பிந்தியவற்றின் வருடத்தை இலக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. உத்தரவாத அட்டை மட்டுமே சொல்லும். அட்டை தொலைந்தால் கம்பனி இன்னொன்று தராது.

உலோகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு நிறச் செயின் என்றால் பாதி தங்கம் என்று நம்புவது வழக்கம். ரோலெக்ஸின் இருநிறச் செயினில் மஞ்சள் பகுதி 18 கரட் தங்கம்தான். எங்கள் பக்கத்தில் அதிகம் காணப்படும் ராடோ இருநிற மொடல்களில் அது பெரும்பாலும் பூச்சு. கூர்முனைகளிலும் கொளுக்கி ஓரத்திலும் வெள்ளை நிறம் தெரிந்தால் பூச்சு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். உண்மையான 18 கரட் தங்கத்தில் 750 என்ற முத்திரை இருக்கும். 1995 க்குப் பிறகு சுவிட்சர்லாந்தில் முத்திரையிடப்பட்டதில் சிறிய நாய்த்தலை உருவமும் இருக்கும்.

18 கரட்டை எங்கள் 22 கரட் பவுனோடு ஒப்பிடும் கணக்கு இதுதான். இயந்திரம், கண்ணாடி, ஸ்பிரிங் எல்லாம் நீக்கிய பிறகு தங்கம் மட்டும் 40 கிராம் என்று வையுங்கள். அதில் முக்கால் பங்கு, அதாவது 30 கிராம் சுத்தத் தங்கம். 22 கரட்டாக மாற்றினால் ஏறத்தாழ 32.7 கிராம், 4 பவுனுக்குச் சற்று மேல். உங்கள் மணிக்கூட்டின் அடிமட்ட விலை அது. அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். தோல் பட்டி போட்ட தங்க மணிக்கூட்டில் தங்கம் பெட்டகத்தில் (இயந்திரத்தை மூடியிருக்கும் வெளிக்கூட்டில்) மட்டும்தான் என்பதால், முழு நிறையையும் தங்கமாக எண்ணாதீர்கள். மணிக்கூடாக விற்றால் இதைவிட அதிகம் கிடைக்குமா என்று பார்க்காமல் எந்த நகைக்கடையிலும் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது போலி. வளைகுடாக் கடைத்தெருக்களில் வாங்கியவற்றிலும் பரிசாக வந்தவற்றிலும் கொப்பி இருக்கிறது, கொடுத்தவருக்கே தெரியாமலும் இருக்கலாம். ரோலெக்ஸின் திகதிக்கு மேலுள்ள வில்லை இலக்கத்தை இரண்டரை மடங்கு பெருப்பித்துக் காட்ட வேண்டும். எழுத்துகளின் ஓரம் உருப்பெருக்கியில் கூராகத் தெரிய வேண்டும். ஆனால் இப்போது வரும் நல்ல கொப்பிகள் இதையெல்லாம் தாண்டிவிடுகின்றன. உண்மையான தொடர் இலக்கத்தையே பொறித்து, அட்டையையும் போலியாக அடித்துக் கொடுக்கிறார்கள். பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பார்ப்பதுதான் முடிவான சோதனை. அந்த பிராண்டுக்குரிய திறப்புச் சாவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திறக்கக் கொடுங்கள். கத்தியாலோ குறட்டாலோ திறந்தால் மூடியில் விழும் கீறல் விலையைக் குறைத்துவிடும். கொப்பி என்று தெரிந்தபின் அதை அசலென்று விற்பது குற்றம். அதோடு அந்தப் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

பெட்டி, உத்தரவாத அட்டை, கடைப் பற்றுச்சீட்டு, சேர்விஸ் சீட்டு, செயினிலிருந்து கழற்றிய கண்ணிகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேடி எடுங்கள். கண்ணிகளைச் சிறு விடயமாக நினைக்காதீர்கள். உங்கள் மெல்லிய மணிக்கட்டுக்காக மூன்று கண்ணி கழற்றியிருந்தால், பருத்த கைக்காரர் அதை வாங்கவே முடியாது. கழற்றிய அன்று கடையில் ஒரு சிறு பையில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பெட்டியின் தலையணைக்குக் கீழே பாருங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று கடலோரத்தில் எத்தனையோ குடும்பங்களின் பத்திரங்கள் தண்ணீரோடு போயின. அப்படி அட்டை தொலைந்திருந்தால், மணிக்கூடு உங்கள் குடும்பத்துடையது என்பதற்குச் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி எழுதி வைக்கலாம். அது அட்டைக்கு ஈடாகாது, விலையையும் கூட்டாது. ஆனால் நேர்மையான வாங்குபவருக்கு நம்பிக்கை தரும். அன்று கடல்நீர் கண்ட மணிக்கூடு என்றால் அதைச் சொல்லியே விற்க வேண்டும். காயவைத்து ஓடச் செய்திருந்தாலும், உப்பு உள்ளே இருந்தபடி துருவை வளர்த்துக்கொண்டே இருக்கும்.

மூன்று நாள் வீட்டுச் சோதனை

எழுத ஒரு பயிற்சிக் கொப்பியும் பேனையும் போனும் போதும்.

முதலாம் நாள் காலையில் பக்கத்திலுள்ள சாவிக் குமிழை மெதுவாக 30 சுற்று முறுக்குங்கள். திருகி மூடும் குமிழ் என்றால் முதலில் இடஞ்சுழியாகத் திறக்க வேண்டும். நேரத்தைப் போன் நேரத்தோடு வினாடிக்கு வினாடி பொருத்தி, டயல் மேலே பார்க்க மேசையில் வைத்துவிடுங்கள். திகதியைக் கையால் மாற்றுவதென்றால் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தை முட்கள் காட்டும்போது மாற்ற வேண்டாம். அப்போது திகதிப் பற்சக்கரம் கடித்தபடி இருக்கும், விசையாக மாற்றினால் பல் உடையும்.

24 மணித்தியாலம் கழித்து வித்தியாசத்தை எழுதுங்கள். குரோனோமீற்றர் என்ற துல்லியச் சான்று பெற்ற மணிக்கூட்டுக்கு சுவிஸ் அளவுகோல் நாளுக்கு 4 வினாடி பின்தங்கல் முதல் 6 வினாடி முந்தல் வரை. சாதாரண சுவிஸ் இயந்திரம் 10, 15 வினாடி தள்ளி ஓடினாலும் கவலை இல்லை. நாளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் முந்தினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்புண்டு. ஸ்பீக்கர், போன் காந்த உறை, டப்லெட் மூடி ஆகியவற்றின் அருகில் கிடந்தால் இது நடக்கும். போனில் திசைகாட்டியைத் திறந்து மணிக்கூட்டை அருகே கொண்டுபோங்கள். முள் பலமாகத் திரும்பினால் காந்தம்தான் என்று சந்தேகிக்கலாம். காந்தம் நீக்கும் கருவி உள்ள கடையில் சில நிமிட வேலை. இதைப் பெரிய பழுது என்று சொல்லி விலையைக் குறைக்க வருபவர்கள் உண்டு, கவனம்.

அப்படியே நிற்கும்வரை விட்டு, மொத்தம் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று குறியுங்கள். 40 ஓட வேண்டியது 25 இல் நின்றால் எண்ணெய் காய்ந்துவிட்டது, சேர்விஸ் தேவை. டைம்கிராபர் (மணிக்கூட்டின் ஓட்டத்தை அளக்கும் கருவி) உள்ள கடையில் காட்ட முடிந்தால், முழுதாக முறுக்கிய நிலையில் ஊசல் வீச்சு (உள்ளே ஆடும் சக்கரம் திரும்பும் அளவு) 270 பாகைக்கு மேல் இருந்தால் நல்லது. 220 க்குக் கீழ் என்றால் வாங்குபவர் கட்டாயம் சேர்விஸ் காசைக் கழிப்பார்.

மூன்றாம் நாள் ஈரச் சோதனை. மணிக்கூட்டை அரை மணித்தியாலம் கையில் கட்டிச் சூடேற்றுங்கள். கழற்றி, கண்ணாடியின் நடுவில் ஒரு சின்ன ஐஸ் துண்டை ஒரு நிமிடம் வைத்து, எடுத்து, மெல்லிய துணியால் துடையுங்கள். வெளிப்பக்கத்தில் படியும் பனிப்புகார் உடனே துடைபடும். துடைத்த பிறகும் அதே இடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வெண்மையாகப் புகார் நின்று, மெல்ல மறைகிறதா? உள்ளே ஈரம் இருக்கிறது. பின்மூடியினதும் குமிழினதும் ரப்பர் வளையம் காய்ந்துபோய்விட்டது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் எங்களுக்கு இந்தச் சோதனை முக்கியம். மாரி மாதங்களில் லாச்சிக்குள் கிடக்கும் மணிக்கூட்டுக்கும் ஈரம் புகும். புகார் கண்டால் மூன்று வழிகளும் அடைபடுகின்றன: அணியவும் கூடாது, பெட்டியில் விடவும் கூடாது, "நல்ல நிலை" என்று விற்கவும் கூடாது. ஒரு வாரத்துக்குள் திறந்து காயவைக்கக் கொடுங்கள்.

செயினைப் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். நேராக நின்றால் புதிது, வளைந்து தொங்கினால் கண்ணிகள் தேய்ந்தவை. பின்மூடி ஓரத்திலும் செயின் பொருந்தும் இடத்திலும் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகள் இருந்தால் அது உப்பும் வியர்வையும் ஸ்டீலைத் தின்ற தடம்.

பற்றரியில் ஓடும் மணிக்கூடு என்றால் வேறு கணக்கு. வினாடிமுள் நான்கு வினாடிக்கு ஒருமுறை துள்ளினால் பற்றரி முடியப்போகிறது என்று அது அறிவிக்கிறது. நின்று வருடக்கணக்காகிவிட்டால் முதல் வேலை பற்றரியைக் கழற்றுவதுதான். கசிந்த பற்றரி இயந்திரத்தையே அரித்துவிடும்.

விற்பதற்கு முன் செய்யக்கூடாதவை

பொலிஷ் போடாதீர்கள். நகைக்கடை மெசினில் கொடுத்தால் பளபளக்கும், ஆனால் கொம்புகளின் கூரான விளிம்புகள் உருண்டுவிடும். அறிந்த வாங்குபவர் அதைப் பார்த்த உடனே விலையை இறக்குவார். கீறலோடு கூடிய அசல் விளிம்புதான் மதிப்பு. பழைய மணிக்கூட்டின் டயலுக்குப் புதிதாகப் பெயின்ற் அடிப்பது அதைவிட மோசம். பழைய ஒமேகா, ரோலெக்ஸ் போன்றவற்றில் விலையின் பெரும்பங்கு அந்த மங்கிய டயலில்தான் இருக்கிறது. மாற்றிய முள், குமிழ் ஏதும் இருந்தால் பழையதை எறியாமல் கூடவே கொடுங்கள்.

சேர்விஸ் செய்துவிட்டு விற்பதா? ஓடிக்கொண்டிருக்கும் மணிக்கூடு என்றால் வேண்டாம். நீங்கள் செலவழித்த காசை வாங்குபவர் முழுதாகத் திருப்பித் தரமாட்டார், தனக்குத் தெரிந்த ஆளிடம் அவரே செய்துகொள்ள விரும்புவார். கடந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் கம்பனி அங்கீகரித்த நிலையத்தில் செய்த சேர்விஸ் சீட்டு இருந்தால் மட்டும் அது விலைக்கு உதவும். ஈரம், துரு, கசிந்த பற்றரி ஆகிய மூன்றும் விதிவிலக்கு. அவை நாளுக்கு நாள் கூடும்.

விலையைக் கண்டுபிடித்தல்

இணையத்தில் காண்பது பெரும்பாலும் கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. குரோனோ24 என்ற மணிக்கூட்டு விற்பனைத் தளத்தில் அதே மொடல் இலக்கம், அதே டயல் நிறம், உங்களுடையதுபோல அட்டை உள்ளதோ இல்லாததோ என்று பொருத்திப் பத்தை எடுங்கள். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளுங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டு ஒப்பிடுங்கள். விற்ற விலை கேட்கும் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

எல்லாப் பிராண்டுக்கும் ஒரே விதி இல்லை. ரோலெக்ஸின் ஸ்டீல் மொடல்கள் விலையைத் தாங்கிப் பிடிப்பவை. ராடோ, லொஞ்சின்ஸ், டாக் ஹொயர் போன்றவற்றில் பலது கடையை விட்டு வெளியே வந்ததும் பெரிதாக இறங்கிவிடும். 2022 தொடக்கத்தில் பழைய மணிக்கூட்டுச் சந்தை உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கியது. அந்தக் காலத்து வீடியோவில் சொன்ன விலையை இன்றைய விலையாக மனதில் வைக்காதீர்கள்.

ரூபாக் கணக்கு ஏமாற்றும். 2019 இல் டொலர் ஏறத்தாழ 180 ரூபா. 5,000 டொலருக்கு வாங்கியவருக்கு அன்று 9 இலட்சம் ஆனது. இன்று டொலரை 300 என்று வைத்து ஒருவர் 12 இலட்சம் தருகிறேன் என்றால் 3 இலட்சம் இலாபம்போலத் தெரியும். ஆனால் அது 4,000 டொலர்தான். ஆயிரம் டொலர் குறைவு. எப்போதும் டொலரில் கணக்குப் பார்த்துக் கடைசியில் ரூபாவுக்கு மாற்றுங்கள்.

ஒரு கணக்கைப் படிப்படியாகப் போடுவோம். கேட்கும் விலை சராசரியாக 4,500 டொலர், விற்ற விலை 4,000 டொலர் என்று வையுங்கள். வியாபாரி தன் இலாபம், சேர்விஸ், காத்திருக்கும் காலம் எல்லாவற்றுக்கும் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை கழிப்பார். 25 சதவீதம் கழித்தால் 3,000 டொலர், அதாவது 9 இலட்சம் ரூபா. கைக்கு வரும் காசு அதுதான். 4,500 ஐ நினைத்துக்கொண்டு வீட்டுக் கூரைக்கு ஓடர் கொடுத்துவிடாதீர்கள்.

வைத்திருக்கும் செலவும் தீர்மானமும்

அதே 9 இலட்சத்தை நிலையான வைப்பில் 8 சதவீதத்துக்குப் போட்டால் வருடத்துக்கு 72,000. வட்டி வேண்டாம் என்பவர்கள் அதே காசை நகையிலோ காணியிலோ தொழிலிலோ போட்டால் என்ன வரும் என்று எண்ணலாம். சேர்விஸுக்கு 90,000 கேட்கிறார்கள், அது ஆறு வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் வருடத்துக்கு 15,000. மொத்தம் 87,000. வருடத்தில் நான்கு முறைதான் கட்டுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறைக்கும் 21,750 ரூபா. இந்தத் தொகையைக் குடும்பத்தாருக்கு முன்னால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

பிறகு ஒரே கேள்வி. அந்த 9 இலட்சம் இப்போது காசாக மேசையில் இருந்தால், அதைக் கொண்டுபோய் இதே மணிக்கூட்டை வாங்குவீர்களா? ஆம் என்றால் வைத்திருங்கள், கணக்கை மறந்து சந்தோசமாகக் கட்டுங்கள். இல்லை என்று உடனே பதில் வந்தால் விற்கலாம். தயக்கமாக இருந்தால் ஆறு மாதத் தவணை வைத்து, நாட்காட்டியில் குறித்து, அதுவரை அணிந்து பாருங்கள்.

தகப்பன் கட்டிய மணிக்கூட்டை இந்தக் கணக்கில் அடக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். 40,000 ரூபாவுக்குப் போகும் பழைய ராடோவை விற்றுப் பெறும் காசு மூன்று மாதத்தில் கரைந்துவிடும். பேரப்பிள்ளை ஒருநாள் "அது எங்கே?" என்று கேட்டால் அந்தக் காசால் பதில் சொல்ல முடியாது. அதை விற்க வேண்டிய நெருக்கடி வந்தாலும், அது உங்கள் ஒருவருடையது மட்டும்தானா என்று பாருங்கள். சகோதர சகோதரிகளுக்கும் தாய்க்கும் உரிமை இருக்கும். முஸ்லிம் குடும்பங்களில் வாரிசுப் பங்கு கணக்குண்டு. எல்லோரும் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு விற்றால், பிற்காலத்தில் ஒரு மணிக்கூட்டுக்காக அண்ணன் தம்பி கதையாமல் இருக்க வேண்டி வராது. மூத்தவர் வாங்கிக்கொண்டு மற்றவர்களின் பங்கைக் காசாகக் கொடுப்பதும் நல்ல வழி.

எங்கே விற்பது

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் உள்ள நகைக்கடைகள் தங்க விலையைத்தான் பார்க்கும். மணிக்கூட்டுக் கடைகள் வாங்கினாலும், விலைகூடிய மணிக்கூட்டுக்கு இங்கே வாடிக்கையாளர் குறைவு என்பதால் குறைவாகவே கேட்பார்கள். 1 இலட்சத்துக்குக் கீழே போகும் மணிக்கூட்டை இங்கேயே விற்பது நல்லது. அதற்கு மேல் என்றால் கொழும்புதான் சந்தை. ஒரே கடையோடு நிற்காமல் மூன்று இடத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போகுமுன் போட்டோ அனுப்பி, தொலைபேசியில் உத்தேச விலையைப் பேசிவிட்டு இரவு ரயிலோ பஸ்ஸோ ஏறுங்கள். பயணத்தில் மணிக்கூடு பையில் அல்ல, உங்கள் உடம்போடு இருக்கட்டும். வெறும் பெட்டியைப் பையில் வையுங்கள்.

கடையில் விட்டுவிட்டு விற்ற பின் காசு தரும் முறைக்குச் சம்மதித்தால் எழுத்தில் ஐந்து விடயங்கள் இருக்க வேண்டும்: தொடர் இலக்கம், உங்களுக்கு வரவேண்டிய ஆகக்குறைந்த தொகை, கடையின் பங்கு, எத்தனை நாள், களவு போனால் யார் பொறுப்பு. இது எழுத மறுக்கும் கடையில் விட்டு வராதீர்கள்.

வெளிநாட்டு உறவினர் மூலம் விற்றால் விலை கூடும் என்பது உண்மை. ஆனால் விற்பதற்காகக் கொண்டுபோவது சொந்தப் பாவனை ஆகாது. அங்கே சுங்கத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டும். கையில் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போகலாம் என்று யாரும் சொன்னால், பிடிபடுவது உங்கள் உறவினர்தான். அவரை அந்த நிலைக்குத் தள்ள வேண்டாம்.

இக்மன் போன்ற இணைய விளம்பரத் தளங்களில் நேரடியாக விற்றால் வியாபாரியின் பங்கு மிஞ்சும், உழைப்பும் ஆபத்தும் உங்களுடையதாகும். காலை வெளிச்சத்தில் விறாந்தையில் வைத்து, பிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். டயல், இரண்டு பக்கம், பின்மூடி, கொளுக்கி, செயின் தொங்கும் நிலை, பெட்டியும் அட்டையும், ஒவ்வொரு கீறலும் கிட்டத்தில். தொடர் இலக்கத்தின் கடைசி மூன்று எழுத்தை மறையுங்கள். இல்லாவிட்டால் அந்த இலக்கம் ஒரு போலி மணிக்கூட்டுக்குப் போகும்.

கைமாற்றும் நாள்

வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள், தெருவோரத்திலும் சந்திக்காதீர்கள். உங்கள் வங்கிக் கிளைக்குள் வேலைநாளில், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். காசு என்றால் காசாளர் எண்ணி உங்கள் கணக்கில் வைப்பிலிடட்டும், கள்ள நோட்டு அங்கேயே பிடிபடும். இணைய வழி அனுப்பினால், அவர் போனில் காட்டும் படத்தை நம்ப வேண்டாம். உங்கள் கணக்கைத் திறந்து மீதி கூடியிருப்பதைப் பார்த்த பிறகுதான் மணிக்கூட்டைக் கொடுங்கள். "நாளைக்கு விழும்" என்றால் மணிக்கூடும் நாளைக்குத்தான்.

வாங்குபவர் பார்க்கும்போது மேசையில் துணி விரித்து அதன் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் திருப்பித் தரும் ஒவ்வொரு முறையும் தொடர் இலக்கத்தைப் பாருங்கள். மாற்றி வைக்கும் தந்திரம் அந்தச் சில நொடிகளில்தான் நடக்கும். பற்றுச்சீட்டு இரண்டு பிரதி: இருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், மொடலும் தொடர் இலக்கமும், கூடக் கொடுத்த பொருட்கள், தெரிந்த குறைகள், தொகை, திகதி, "உள்ளபடி விற்கப்பட்டது" என்ற வசனம், இரண்டு கையெழுத்து. பிற்பாடு அந்த மணிக்கூடு எங்காவது பிரச்சினைக்குள் சிக்கினால் பொலிஸில் காட்ட உங்களிடம் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.

வைத்திருக்கத் தீர்மானித்தால்

காற்றுப் புகாத பிளாஸ்ரிக் டப்பா ஒன்றுக்குள் மணிக்கூட்டையும் 50 கிராம் சிலிக்கா ஜெல் பையையும் வையுங்கள். தோல் பட்டியைக் கழற்றித் தனியே காற்றுப்படும் இடத்தில் வைக்க வேண்டும், மாரியில் பூஞ்சணம் முதலில் பிடிப்பது அதில்தான். பூச்சி உருண்டை போட்ட லாச்சி வேண்டாம். உத்தரவாத அட்டையைப் போட்டோ எடுத்துவிட்டு, வேறு இடத்தில் வையுங்கள். மணிக்கூடும் அட்டையும் சேர்ந்து களவு போனால் திருடனுக்கு விற்பது இலகு.

மாதம் ஒருமுறை 20 சுற்று முறுக்கி நிற்கும்வரை ஓடவிடுங்கள். கடலில் குளித்திருந்தால், குமிழ் இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். தண்ணீர் தாங்கும் என்று பொறித்திருந்தாலும் ரப்பர் வளையங்களை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்வியுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லாக வாங்கினால், ஈரம் குடித்ததும் நிறம் சொல்லும். மணிகளைப் பையிலிருந்து கொட்டி 120 பாகை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலம் அவனில் வைத்து, ஆறிய பிறகு திரும்பப் பாவிக்கலாம். கார்த்திகை பிறக்கும்போது ஒருமுறை, தை முடிவில் ஒருமுறை இதைச் செய்தால் எங்கள் மாரிக்குப் போதும்.